நாலாம் நம்பர் பம்ப்

இந்த நாட்டில் நீதிபதியாக இருந்தாலும் தன் காருக்குத் தானேதான் இறங்கி எண்ணெய் அடிக்க வேண்டும். சூட்டுப் போட்ட கனவானுக்கும், கூறைச்சேலை கசங்காமல் மணப்பெண்ணை ஏற்றிவருகிற தமையனுக்கும், பிரேத வண்டி ஓட்டுகிறவருக்கும் ஒரே சட்டம். இறங்கு, மூடியைத் திற, குழாயைச் செருகு, அமத்திப் பிடி, உள்ளே வந்து காசைக் கட்டு. அடித்துவிட ஒருவரும் வரமாட்டார்கள். லண்டனில் செவன் கிங்ஸ் பெரிய தெருவில் உள்ள எண்ணெய் நிலையத்தில் குகநாதன் பதினொரு வருடமாகக் கல்லாவில் இருக்கிறார். ஊரில் எண்ணெய் அடித்துவிடும் ஆளின் முகத்தையும் பார்க்காமல் கையைக் காட்டிய பெரிய மனிதர்கள் இங்கே குழாயை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாமல் முழிப்பதைக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்ப்பது அவருக்கு ஆரம்பத்தில் நல்ல பகிடியாக இருந்தது.

எல்லோராலும் இறங்க முடியாதே! அதற்கும் ஓர் அறிவித்தல் மாட்டியிருந்தார்கள். சக்கர நாற்காலிப் படம் போட்டு, உதவி வேண்டுமானால் ஹோர்ன் அடிக்கவும் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில், வேலையில் ஒருவர் மட்டும் இருக்கும்போது உதவ இயலாது என்றிருந்தது. பெரிய எழுத்தில் வாவென்று கூப்பிட்டுச் சின்ன எழுத்தில் போவென்று துரத்துகிற கெட்டித்தனம் கம்பனிகளுக்குத்தான் வரும். முன்பு ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். கடைக்குள் ஆட்கள் தாங்களே காசு கட்டுகிற மெஷின் ஒன்றைப் பூட்டிய பிறகு, எதற்கு இரண்டு பேர் என்று ஒருவரை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து சின்ன எழுத்துத்தான் சட்டம்.

அந்தச் சட்டத்தை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குகநாதன் மீறினார். காலை பத்து மணியளவில் நாலாம் நம்பர் பம்ப் பக்கமிருந்து இரண்டு தரம் ஹோர்ன் கேட்கும். அது நித்தியானந்தன். இல்ஃபர்டில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். பத்தொன்பது வயதில் முதுகில் ஏறிய ஷெல் துண்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் செய்துவிட்டது. கையாலேயே பிரேக்கும் பிடித்து வேகமும் கொடுக்கிற கார் ஓட்டுவான். பெண்சாதி பிரியந்திக்கு லைசென்ஸ் இல்லை, அவள் வேலையால் வர இரவாகும். குகநாதன் கடைக் கதவைப் பூட்டுவார், வெளியே போவார், நாலு நிமிடத்தில் அடித்துக்கொடுத்து, அவனுடைய கார்ட்டை வாங்கிவந்து தட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பார். இதற்காக ஜனவரியில் கம்பனி ஒரு கடிதம் கொடுத்தது. தனியாக இருக்கும்போது வாசலுக்கு வெளியே போகக்கூடாது, இன்னொரு தரம் போனால் வேலை இல்லை.

"நான் என்ன களவெடுக்கவோ வெளியிலை போறன்?" என்று கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமையும் போனார்.

விளையாட்டுக்குச் செய்யவில்லை. அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. பாரிசில் ஒன்பது வருடம் கோப்பை கழுவிவிட்டு, மகள் இங்கிலீசில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவர். மனைவி நகுலேஸ்வரிக்கு முழங்கால் போய்விட்டது. மகள் லக்‌ஷிகா யூனிவர்சிற்றியில் கடைசி வருடம். இந்த வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும் வயதும் இல்லை, வாய்ப்பும் இல்லை. அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

செப்டம்பரில் ஒரு வெள்ளி, தூறலுக்குள் இரண்டு ஹோர்ன் கேட்டது. நாலாம் நம்பரில் நின்றது பழைய கார் அல்ல. வெள்ளை வான் ஒன்று, முன்னுக்கு செவ்வந்தி மாலை, கண்ணாடியில் மூன்று குறி திருநீறு. குகநாதன் கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினார்.

"என்ன நித்தி, மாலையும் கழுத்துமா நிக்கிறீர்?"

"கோயிலாலை நேரை வாறன் அண்ணை. செக்கன்ட் ஹாண்ட்தான், எண்டாலும் பின்னாலை பலகை இறங்கும். கதிரையோடையே உள்ளை ஏறலாம். ஐயர் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைச்சு நசிச்சவர். முதல் எண்ணெய் உங்கடை கையாலைதான் எண்டு பிரியந்தியிட்டைச் சொல்லிப்போட்டு வந்தனான்."

"என்ரை கைராசி உமக்குத் தெரியாதே? பதினொரு வருசமா லொத்தர் வெட்டுறன், ஒரு சல்லி விழேல்லை."

"அது உங்களுக்கு அண்ணை. மற்றவைக்கு நல்ல ராசி."

குகநாதன் சிரித்துக்கொண்டே எண்ணெய் மூடியின் சின்னக் கதவைத் திறந்தார். உள்ளே கதவு முழுக்கச் சந்தனம் அப்பி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. இன்னும் ஈரம் காயவில்லை.

"இதுக்குள்ளையும் பொட்டோ?"

"இருக்கிற கதவெல்லாம் திறவுங்கோ எண்டார் ஐயர். இதுவும் கதவுதானே? வண்டிக்கு வயிறெல்லோ அண்ணை இது. வயித்துக்கு ஒரு பொட்டு வைக்கப்படாதோ?"

குகநாதனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பூட்டிய கடைக்குள் அகப்பட்ட ஒரு வாடிக்கையாளர் பால் போத்தலோடு கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். குகநாதன் கையை நீட்டினார். ஒன்பது வருடமாக இந்த மனுசனுக்கு அடித்த பச்சைக் குழாய்தான் கைக்கு வந்தது. பச்சை பெற்றோல், கறுப்பு டீசல். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சந்தனத்துக்குக் கீழே, டீசல் மட்டும் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை வாசிப்பதென்றால் பொட்டை அழிக்க வேண்டும். சாமிக்கு வைத்த பொட்டை ஒருவன் அழித்துப் பார்ப்பானா? நாற்பது லீற்றர் பெற்றோலை நிரப்பி, "நல்லா ஓடு ராசா" என்று வானின் முதுகில் தட்டிவிட்டு வந்தார்.

பின்னேரம் வீட்டில் குகநாதன் புட்டுக்குக் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பை விட்டுப் பிசைந்துகொண்டிருக்க, போன் அடித்தது.

"அண்ணை, கடையாலை வீட்டை போகேக்கை வான் நடுறோட்டிலை நிண்டிட்டுது. இழுத்துக்கொண்டு போறதுக்கு ஆள் வந்து நிக்கிறான். நீங்கள் என்ன அடிச்சனீங்கள்?"

"பெற்றோல்."



"இது டீசல் வான் அண்ணை. நான் சொல்லேல்லையோ?" அவன் குரல் இறங்கியது. "நான்தான் சொல்லேல்லை. கோயில் சந்தோசத்திலை மறந்துபோனன்."

குகநாதனின் கை புட்டுக்குள்ளேயே நின்றது. நகுலேஸ்வரி சட்டியோடு வந்து நின்று முகத்தைப் பார்த்தாள்.

"ஆருக்கு என்ன?"

சொன்னார். அவள் சட்டியை மேசையில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"வெளியிலை போகாதேங்கோ, போகாதேங்கோ எண்டு தலைதலையா அடிச்சன். கேட்டனீங்களோ? தானே அடிச்சுத் தானே பிழை விட்டா அது அவன்ரை பாடு. நீங்கள் கையை வைச்சா உங்கடை தலையிலைதானே விழும்!"

"அந்தாள் எப்பிடி நகுலா இறங்கி அடிக்கிறது?"

"அது எனக்கும் தெரியும்," என்றாள். கோபத்தில் தொடங்கியவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தெரியாதோ!"

மேலே அறையிலிருந்து இறங்கிவந்த லக்‌ஷிகா, "அப்பா, டோன்ற் பனிக். ஒண்டும் எழுதிக் குடுக்காதேங்கோ, சரியா?" என்றாள். அன்றிரவு அந்த வீட்டில் ஒருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

விசயம் கம்பனிக்குப் போகாது என்றுதான் குகநாதன் நம்பினார். ஆனால் வானை இழுத்துப்போன மெக்கானிக், அந்த நிலையத்து எண்ணெயில் ஏதோ பிழை என்று எழுதிவைக்க, அதைப் பார்த்த இன்சூரன்ஸ்காரர்கள் கம்பனிக்குப் போன் எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் ஏரியா மனேஜர் திருமாறன் வந்து இறங்கினான். மலேசியப் பிள்ளை, படிக்க வந்து அப்படியே நின்று உத்தியோகத்தில் ஏறியவன். நாலு நிலையங்களுக்குப் பொறுப்பு. முப்பத்தைந்து வயதுக்குள் தலைமயிரில் பாதியைக் கம்பனிக்குக் கொடுத்துவிட்டான்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை நாலாம் நம்பர்ல யார் அடிச்சது?"

குகநாதன் சொல்லத்தான் போனார். அதற்குள் திருமாறன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"இருங்க. முதல்ல கஸ்டமரைக் கேட்கிறேன். அதுதான் முறை." போனை ஸ்பீக்கரில் போட்டுக் கல்லா மேசையில் வைத்தான். முதலில் இங்கிலீசில் தொடங்கி, அந்தப் பக்கத்து இங்கிலீசைக் கேட்டதும் தமிழுக்கு மாறினான். "சார், உங்க வண்டிக்கு அன்னைக்கு எண்ணெய் அடிச்சது யாரு?"

"நான்தான் அடிச்சனான்," என்றது நித்தியானந்தனின் குரல்.

திருமாறன் குகநாதனை நிமிர்ந்து பார்த்தான். குகநாதன் சுவிங்கம் தட்டைப் பார்த்தார்.

"நீங்களா சார்? ரெக்கார்ட்ல நீங்க வீல்செயர்னு..."

"ஓம். வீல்செயார்தான். ஏன் தம்பி, வீல்செயாரிலை இருக்கிறவன் தன்ரை வண்டிக்குத் தான் எண்ணெய் அடிக்கேலாது எண்டு உங்கடை கம்பனி சொல்லுதோ?"

"இல்ல சார், அப்படிச் சொல்ல வரல."

"அப்பிடித்தான் எண்டால் எழுதித் தாங்கோ. நான் அதைக் காட்ட வேண்டிய இடத்திலை காட்டுறன்."

திருமாறன் வேர்த்துப்போனான். அப்படி ஒரு கடிதம் எழுதினால் அவனுடைய மிச்ச மயிரும் போய்விடும்.

"சாரி சார். தப்பா நினைக்காதீங்க. எண்ணெயில பிரச்சினை இல்லைன்னு நான் எழுதிக்கிறேன்."

"எண்ணெய் நல்ல எண்ணெய். பிழை என்ரை. புது வான், பழைய பழக்கத்திலை பச்சையை எடுத்துப்போட்டன். வைக்கட்டோ?"

போன் நின்றது. ஒருவன் வந்து சிகரெட் லைட்டர் வாங்கிக்கொண்டு போனான்.

"அண்ணே," என்றான் திருமாறன் குரலைத் தாழ்த்தி. "எனக்குத் தெரியும். நான் கேமரா பார்க்கல. கஸ்டமரே தன் தப்புன்னு சொன்னா பார்க்கத் தேவையில்ல. கதவு நாலு நிமிஷம் பூட்டியிருக்குன்னு சிஸ்டம் காட்டுது. டாய்லெட் போனார்னு எழுதிட்டேன்."

"தம்பி..."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. சொன்னா நான் எழுதணும்." கண்ணாடிக்கு வெளியே நாலாம் நம்பரைப் பார்த்தான். "ஆனா இனிமே அவர் வந்தா நீங்க வெளிய போகவே கூடாது. தானே அடிப்பேன்னு சொன்ன ஆளு. நீங்க போய் அடிச்சா, அப்ப அன்னைக்கு யாரு அடிச்சதுன்னு மேல கேட்பாங்க. பழசெல்லாம் தோண்டிப் பார்க்கச் சொல்லுவாங்க. உங்க வேலையும் போகும், அவர் பொய் சொன்னதும் வெளிய வரும். புரியுதா அண்ணே?"

குகநாதன் தலையை ஆட்டினார். அந்த நேரம் புரிந்தது வேலை நிற்கிறது என்பது மட்டும்தான். மிச்சம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் புரிந்தது. நித்தி இனி வாழ்நாள் முழுக்கத் தானே இறங்கி அடிக்க வேண்டும்!

பின்னேரம் போன் எடுத்தார்.

"நித்தி, ஏன் அப்பிடிச் சொன்னனீர்? திருத்துற செலவிலை பாதியாவது நான்..."

"அந்தக் கதை வேண்டாம் அண்ணை. பொட்டு வைச்சது நான், டீசல் எண்டு சொல்லாமல் விட்டது நான். ஒன்பது வருசம் மழைக்கும் பனிக்கும் வெளியிலை வந்தனீங்கள். உங்கடை வேலையை நான் திண்டுபோட்டு இருக்கேலுமோ?"

"இனி நான் வந்து அடிச்சா, அண்டைக்கு ஆர் அடிச்சதெண்டு கமராவிலை தோண்டுவினமாம். வேறை எங்கையாவது அடியுமன். ரெண்டு பேர் நிக்கிற இடம்."

"விசாரிச்சனான். கிட்டடியிலை எல்லா இடமும் ஒராள்தான். பெரிய சூப்பர்மார்க்கட் ஒண்டிலை ஆளே இல்லை, மெஷின்தான் நிக்குது. அதோடை கதை விடுறதோ? உங்கடை இடத்துப் பம்ப்தான் எனக்குக் கை எட்டும்."

குகநாதன் போனை வைத்துவிட்டு, "நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லப்போறன்," என்றார்.

நகுலேஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்தாள்.

"சொல்லுங்கோ. சொல்லி என்ன? உங்கடை மனம் ஆறும். அந்தாள் பொய்க்காரன் ஆகும். கம்பனி அவனுக்கு வந்து எண்ணெய் அடிச்சுக் குடுக்குமோ?"

"ஒரு நொண்டி மனுசன்ரை தோளிலை ஏறி நிண்டு சம்பளம் எடுக்கச் சொல்லுறீர் என்னை."

"நான் ஒண்டும் சொல்லேல்லை. அந்தாள் உங்களுக்குத் தந்ததை நீங்கள் கொண்டுபோய்க் குப்பையிலை போடாதேங்கோ. எங்களுக்கு வெக்கமாத்தான் இருக்கும். இருக்கட்டும். வெக்கப்பட்டுக்கொண்டு வாங்கி வைச்சிருக்கிறதும் ஒரு மரியாதைதான்."

முப்பது வருடத்தில் அவள் இப்படி நீளமாகக் கதைத்தது குறைவு. குகநாதன் வெங்காயத்தில் பாதியை எடுத்துத் தானும் உரிக்கத் தொடங்கினார்.

வான் திருத்திவர இரண்டு கிழமை எடுத்தது. மூன்றாம் வெள்ளிக்கிழமை காலை நல்ல குளிர்க்காற்று. ஹோர்ன் கேட்கவில்லை. குகநாதன் நிமிர்ந்தபோது வான் நாலாம் நம்பரில் நின்றது, பின்கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. பலகை மெல்ல மெல்ல இறங்கியது. நித்தியானந்தன் நாற்காலியோடு வெளியே வந்து, பலகையின் விளிம்பில் ஒரு சில்லு சிக்கி, பின்னுக்குப் போய், மறுபடி வந்தான். பம்ப் நிற்கிற மேடைக்கும் வானுக்கும் நடுவில் நாற்காலி நுழையவில்லை. திரும்ப உள்ளே ஏறி, இருக்கைக்கு மாறி, வானை ஒரு முழம் தள்ளி நிறுத்தி, மறுபடி நாற்காலிக்கு மாறி, மறுபடி இறங்கினான். அதற்குள் பின்னால் நான்கு கார்கள் சேர்ந்துவிட்டன. ஒருவன் ஹோர்னில் கையை வைத்து எடுக்கவேயில்லை.

மூன்றாவது காரிலிருந்து கட்டட வேலைக்குப் போகிற மஞ்சள் சட்டைப் பெடியன் ஒருவன் இறங்கி வந்தான். குனிந்து ஏதோ கேட்டான், கையை நீட்டினான். நல்ல பிள்ளை, முகத்திலேயே தெரிந்தது. நித்தியானந்தன் கூரைக் கமராவை ஒருதரம் அண்ணாந்து பார்த்தான். பிறகு சிரித்துத் தலையை ஆட்டி, நன்றி, நானே செய்வேன் என்கிற மாதிரி நெஞ்சில் கையை வைத்துக் காட்டினான். பெடியன் திரும்பிப் போனான்.

குகநாதனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. வந்த உதவியைக்கூட என்னால் அவன் வேண்டாம் என்று சொல்லவேண்டி வந்துவிட்டதே! சாவியை எடுத்தார். வேலை போனால் போகட்டும், பிச்சை எடுத்தும் சாப்பிடலாம். கதவடிக்கு வந்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நித்தியானந்தன் அவரைக் கண்டுவிட்டான். கறுப்புக் குழாய் ஒரு கையில். மற்றக் கையின் ஒரு விரலை உயர்த்தி, வராதேங்கோ என்று ஆட்டினான். கெஞ்சவில்லை. கட்டளை.

குகநாதன் கதவைப் பிடித்தபடி நின்றார். நகுலா சொன்னது காதுக்குள் கேட்டது. வெளியே போனால் ஆறப்போவது தன்னுடைய மனம்தான், அவனுடைய இரண்டு கிழமையும் காசும் மானமும் வீணாகப் போகும். அவருக்கு அழுகை வந்தது. கல்லாவுக்குத் திரும்பினார். நாலாம் நம்பர் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து பொத்தானை அமத்தினால்தான் எண்ணெய் வரும். அமத்தினார்.

முன்பெல்லாம் நித்தி கடைக்குள் வந்ததில்லை. இப்போது தானாகத் திறக்கிற கதவு திறந்து, நாற்காலி உள்ளே வந்தது. முழங்காற்பக்கம் காற்சட்டை நனைந்திருந்தது. இரண்டு கையும் டீசல், குளிரில் விரல்கள் சிவந்து விறைத்துப்போயிருந்தன. அப்படியே சுற்றிவரப் பார்த்தான்.

"ஒன்பது வருசமா வாறன், உங்கடை கடையை இண்டைக்குத்தான் பாக்கிறன். நான் நினைச்சதிலும் பெரிசா இருக்கு!" என்றான். மூச்சு இன்னும் வாங்கியது. "இருபத்தாறு நிமிசம் அண்ணை. பாத்தனீங்களோ? அடுத்த கிழமை இருபதிலை முடிப்பன்."

குகநாதன் சுடுதண்ணீரில் நீலக் கடதாசியை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு கல்லாவைச் சுற்றி முன்னுக்கு வந்தார். நாற்காலிக்கு முன்னால் முழந்தாளில் இருந்து, அவனுடைய வலதுகையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைக்கத் தொடங்கினார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது, அதைத் துடைக்க அவருக்குக் கை இல்லை. வரிசையில் மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"அண்ணை, விடுங்கோ, ஆக்கள் நிக்கினம்," என்று நித்தி கையை இழுத்தான்.

"நிக்கட்டும்," என்று குகநாதன் மற்றக் கையையும் பிடித்தார். "இது உள்ளைதானே."